ஸ்பீல்பெர்க் சொல்லிவிட்டால் ஆயிற்றா? (பீட் போஸ்ட்லெத்வெயிட் தனி இழை)

கடைசி_வரிசை:
பக்கத்து இழையில் புரொஜெக்டர்_பாபு அருளிய வாக்கு இது: “பீட் போஸ்ட்லெத்வெயிட்டை உலகத்துக்குக் காட்டியவரே ஸ்பீல்பெர்க்தான். உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று அவர் வாயாலேயே சொன்னார். அது இல்லையென்றால் இங்கிலாந்து டிவியில் நாலு சீன் வந்து போகிற ஆள்.” அங்கேயே பதில் எழுதினால் வில்லன் பட்டியல் போடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் தனி இழை.

பாபு சார், ஸ்பீல்பெர்க் பீட்டை வைத்து எடுத்த லாஸ்ட் வேர்ல்ட் வந்தது 1997இல். அதற்கு முன்னால் பீட் நடித்தவற்றைப் பாருங்கள். ஏலியன் 3, லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ் இரண்டும் 1992. இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர் 1993, அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் உண்டு. யூஷுவல் சஸ்பெக்ட்ஸ் 1995. பாஸ் லுஹ்ர்மனின் ரோமியோ ஜூலியட், பிராஸ்ட் ஆஃப் இரண்டும் 1996. இத்தனைக்கும் அப்புறம் வந்து ஒருவர் பாராட்டினால் அவர் கண்டுபிடித்தாரா, தாமதமாக வந்து சேர்ந்தாரா?

புரொஜெக்டர்_பாபு:
தேதி ஒப்பிக்க யாராலும் முடியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்பீல்பெர்க் சொன்னாரா, சொல்லவில்லையா?

கடைசி_வரிசை:
சொன்னார். சேர்ந்து வேலை பார்த்த பிறகு சொன்னார். அதற்கு பீட் சொன்ன பதிலும் பிரபலம்தான், உங்களுக்கு மட்டும் எட்டவில்லை போல. “பீட்டோடு தொல்லை என்னவென்றால், அவன் தன்னை உலகத்திலேயே சிறந்த நடிகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார்” என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். சம்பந்தப்பட்ட மனிதரே வேண்டாம் என்று கழற்றி வைத்த மாலையை நீங்கள் எடுத்துத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள்.

புரொஜெக்டர்_பாபு:
ஆக, சொன்னார். ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இழையை மூடிவிடலாம்.

சும்மா_ஒருத்தன்:
ஆஸ்கர் வாங்கின ஆளுக்கு ஸ்பீல்பெர்க் சர்டிஃபிகேட் எதுக்குங்க?

தேநீர்_வேளை:
ஆஸ்கர் வாங்கவில்லை. பரிந்துரை மட்டும். அந்த வருடம் துணை நடிகருக்கான விருது தி ஃபியூஜிடிவ் படத்துக்காக டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. இன் தி நேம் ஆஃப் தி ஃபாதருக்கு மொத்தம் 7 பரிந்துரை, கையில் வந்தது ஒன்றும் இல்லை.

சும்மா_ஒருத்தன்:
பரிந்துரை வந்தாலே பாதி வாங்கின மாதிரிதான். நான் சொன்னதில் பெரிய தப்பு இல்லை.

புரொஜெக்டர்_பாபு:
அந்த விழாவில் 7 ஆஸ்கர் அள்ளியது எந்தப் படம்? ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட். இயக்குநர் யார்? அங்கேதான் இவர் ஸ்பீல்பெர்க் கண்ணில் பட்டிருப்பார். எல்லாம் சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்குத்தான் வருகிறது.

கடைசி_வரிசை:
பட்டிருப்பார், பார்த்திருப்பார், பேசியிருப்பார். உங்கள் வாதத்தில் பாதி “இருப்பார்” என்றுதான் இருக்கிறது.

இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர் படத்தைப் பற்றிப் பேசுவோமா? அதில் டேனியல் டே லூயிஸுக்கு அப்பாவாக வருகிறார் பீட். இவர் பிறந்தது 1946, அவர் 1957. 11 வயதுதான் வித்தியாசம். நரை மேக்கப் போட்டுச் சமாளிக்கிற கதையில்லை இது. மகனுக்கு முன்னால் குரல் உயராத ஒரு அப்பா. மகனைக் காப்பாற்ற பெல்ஃபாஸ்டில் இருந்து கிளம்பி வந்து, தானே குற்றவாளியாகி உள்ளே போகிறார். டே லூயிஸ் கத்துகிறார், உதைக்கிறார், அழுகிறார். இவர் ஒரு கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், அவ்வளவுதான். இவர் செத்துப்போன செய்தி சிறைக்குள் பரவும்போது கைதிகள் எல்லோரும் ஜன்னல் வழியாகக் காகிதத்தைக் கொளுத்திக் கீழே விடுவார்களே, அந்தக் காட்சியில் பீட்டே கிடையாது. ஆனால் அது யாருக்காக என்று மனசில் நிற்கிறது பாருங்கள், அதுதான் நடிப்பு. இது எந்த ஸ்பீல்பெர்க்கும் சொல்வதற்கு நாலு வருடம் முன்னால்.

நடுநிலைவாதி:
எல்லாம் சரி, ஆனால் நீங்கள் உருகுகிற அந்த அறைக்காட்சிகள் நடக்கவே இல்லை. நிஜத்தில், செய்யாத குற்றத்துக்குச் சிறை போன அந்த மகன் ஜெரி கான்லனும் அப்பா ஜூசெப்பேவும் ஒரே அறையில் அடைக்கப்பட்டவர்கள் இல்லை. படத்துக்காகச் சேர்த்து வைத்தார்கள். நிரபராதிகளை வைத்து எடுக்கும்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் எந்தப் பக்கமும் இல்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

கடைசி_வரிசை:
எந்தப் பக்கமும் இல்லாதவர் எப்போதும் ஒரு கல்லோடுதான் வருவார். திரைக்கதையில் ஓட்டை இருந்தால் இயக்குநர் ஜிம் ஷெரிடனைக் கேளுங்கள். நடிகரிடம் கொடுத்த அறையில் அவர் என்ன செய்தார் என்பதுதான் இங்கே பேச்சு. போன மாதம் இயான் ஹோம் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். ஏலியனில் அவர் நடிப்பைப் பற்றிக் கேட்டால் ரோபோவின் ரத்தம் ஏன் வெள்ளை என்று நாலு பக்கம்.

நடுநிலைவாதி:
அது நியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

புரொஜெக்டர்_பாபு:
மறுபடி கேட்கிறேன். உலகத்தில் எத்தனையோ பேர் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் யாரையெல்லாம் ஸ்பீல்பெர்க் அப்படிச் சொன்னார்? இவரைச் சொன்னார். அதனால்தான் அவர் இறந்தபோதுகூட அந்த வரி தலைப்பில் வந்தது. உங்கள் காகிதம் கொளுத்துகிற காட்சி தலைப்பில் வரவில்லை.

தேநீர்_வேளை:
தலைப்பில் வருவதுதான் அளவுகோல் என்றால் பேச்சே இல்லை. நான் ஒரு படம் சொல்கிறேன், இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்களா என்று பார்ப்போம். டெரன்ஸ் டேவிஸ் எடுத்த டிஸ்டன்ட் வாய்சஸ் ஸ்டில் லைவ்ஸ், 1988. லிவர்பூலில் ஒரு சாதாரணக் குடும்பம், அடிக்கிற அப்பா. கிறிஸ்துமஸ் இரவில் தூங்குகிற பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பரிசுகளை மாட்டி வைப்பார். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு, தட்டு எல்லாம் தரையில். இரண்டு காட்சிக்கும் நடுவில் ஒரு விளக்கமும் கிடையாது. முதல் காட்சியில் இருக்கிற அதே முகம்தான் இரண்டாவதிலும். எனக்கு அவர் என்றால் அந்தப் படம்தான். இந்தச் சண்டையில் அது பெயருக்குக்கூட வரவில்லை, இரண்டு பக்கமும்.

கடைசி_வரிசை:
தேநீர் அக்கா, நான் சொல்ல வந்ததே அதுதான். அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

தேநீர்_வேளை:
நீங்கள் போட்ட முதல் பட்டியல் 1992இல் ஆரம்பிக்கிறது, தம்பி.

சும்மா_ஒருத்தன்:
😂😂

கடைசி_வரிசை:
அமெரிக்கக்காரர்கள் பார்த்த படங்களை மட்டும் போட்டேன், பாபு சார் உலகம் அவ்வளவுதான் என்பதால். போட ஆரம்பித்தால் ஷார்ப் என்ற இங்கிலாந்து டிவி தொடரில் இருந்து போடலாம். 1994, சார்ஜென்ட் ஹேக்ஸ்வில். தூக்கில் போட்டும் சாகாத ஆள், தொப்பிக்குள் இருக்கிற அம்மா படத்தோடு பேசிக்கொண்டே கொலை செய்வான். ஷான் பீன்தான் கதாநாயகன், ஆனால் ஹேக்ஸ்வில் வருகிற எபிசோடில் ஷான் பீனை யார் பார்த்தார்கள்? ஜூசெப்பே கான்லன் வந்த அடுத்த வருடம் இது! அந்தச் சாதுவான அப்பாவும் இந்த மிருகமும் ஒரே கன்ன எலும்பு. இங்கிலாந்து டிவியில் நாலு சீன் என்று கேவலமாகச் சொன்னீர்களே, அந்த நாலு சீன் இதுதான்.

லிவர்பூல்_சிவப்பு:
எங்கள் ஊர்க்காரர் பற்றி இழை ஓடுகிறது, யாரும் கூப்பிடவில்லையே! எவ்ரிமேன் தியேட்டரில் வளர்ந்தவர் அவர். பில் நை, ஜூலி வால்டர்ஸ், ஜொனாதன் பிரைஸ் எல்லாம் அந்தக் கூட்டம். 2008இல் திரும்பி வந்து அதே எவ்ரிமேனில் கிங் லியர் செய்தார். லிவர்பூல் மண்ணின் மைந்தன்.

நடுநிலைவாதி:
அவர் பிறந்தது வாரிங்டன். லிவர்பூல் இல்லை.

லிவர்பூல்_சிவப்பு:
பக்கத்து ஊர்தானே, ரயில் ஏறினால் வந்துவிடும்.

நடுநிலைவாதி:
மான்செஸ்டருக்கும் ரயில் ஏறினால் போய்விடலாம். வாரிங்டன் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது லங்காஷயர், 1974க்குப் பிறகு செஷயர். லிவர்பூல் எந்தக் காலத்திலும் இல்லை.

லிவர்பூல்_சிவப்பு:
மான்செஸ்டர் பெயரை இந்த இழையில் எடுக்காதீர்கள். ஆரோக்கியத்துக்கு நல்லதில்லை.

புரொஜெக்டர்_பாபு:
வாரிங்டனோ வண்டலூரோ, ஸ்பீல்பெர்க் சொன்ன பிறகுதான் எல்லோரும் எங்கள் ஊர் எங்கள் ஊர் என்கிறார்கள்.

கடைசி_வரிசை:
பாபு சார், அந்தப் பெரிய மனிதர் அவரை உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று சொல்லிவிட்டு என்ன கொடுத்தார் என்று பார்ப்போம். லாஸ்ட் வேர்ல்டில் ரோலண்ட் டெம்போ. டைனோசரை வேட்டையாட வந்த வேட்டைக்காரர். துப்பாக்கியில் குண்டை உருவிவிடுகிறார்கள், மயக்க ஊசி போட்டு டி ரெக்ஸைச் சாய்க்கிறார், கூட்டாளி செத்துவிட்டான் என்று தெரிந்ததும் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போய்விடுகிறார். படம் சான் டியேகோவுக்குப் போகும்போது ஆளே இல்லை. அடுத்து அதே வருடம் அமிஸ்டாட். அரசுத் தரப்பு வக்கீல். அந்தோனி ஹாப்கின்ஸுக்குக் கடைசியில் நீளமான உரை, இவருக்கு ஆட்சேபணை. சிறந்த நடிகர் என்றால் இதுதான் மரியாதையா?

புரொஜெக்டர்_பாபு:
பிடித்தீர்களா! அடுத்த படத்துக்கும் உடனே கூப்பிட்டார் என்று நீங்களே சொல்கிறீர்கள். மரியாதைக்காகச் சொன்னவர் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார். நம்பித்தான் சொன்னார்.

கடைசி_வரிசை:
நம்பவில்லை என்று யார் சொன்னது?

புரொஜெக்டர்_பாபு:
அப்புறம் என்ன சண்டை?

கடைசி_வரிசை:
“காட்டியவரே ஸ்பீல்பெர்க்தான்” என்ற அந்த வரியோடு சண்டை. “நாலு சீன்” என்ற சொல்லோடு சண்டை. தவிர, எல்லா இழையிலும் ஒரு அமெரிக்கர் கையெழுத்துப் போட்டால்தான் ஒருவர் நடிகர் என்கிற உங்கள் பழக்கத்தோடும் சண்டை. டென்ஹோம் எலியட் பற்றி எழுதியபோதும் “இண்டியானா ஜோன்ஸில் வருகிறவர்” என்றுதான் ஆரம்பித்தீர்கள். அந்த மனிதர் மூன்று வருடம் தொடர்ந்து பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டா வாங்கியவர். அங்கேயும் ஸ்பீல்பெர்க்!

புரொஜெக்டர்_பாபு:
இண்டியானா ஜோன்ஸில் வந்தாரா இல்லையா?

கடைசி_வரிசை:
🙏

சும்மா_ஒருத்தன்:
யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்ல கோபயாஷியா வருவாரே, அதுதான் டாப். ஜப்பான் பேரு, ஆளு ஜப்பான் இல்ல, பேசுற இங்கிலீஷ் எந்த ஊருன்னே கண்டுபிடிக்க முடியாது. ஏன்னு கடைசியிலதான் புரியும். காபி கோப்பைக்கு அடியில இருந்த பேரு அது!

மழைக்கால_மாலதி:
யாராவது எச்சரிக்கை போட மாட்டீர்களா? இந்த வாரக்கடைசியில் பார்க்க எடுத்து வைத்திருந்தேன். மிக்க நன்றி.

சும்மா_ஒருத்தன்:
1995 படம்ங்க. இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும்?

மழைக்கால_மாலதி:
நான் பார்க்கிற வரைக்கும்.

மட்டுறுத்துநர்:
சும்மா_ஒருத்தன், கதை முடிவைச் சொல்லும் முன் எச்சரிக்கை போடவும். பழைய படங்களுக்கும் விதி ஒன்றுதான். கடைசி_வரிசை, புரொஜெக்டர்_பாபு இருவரும் நடிகரைப் பற்றிப் பேசவும், ஒருவரையொருவர் பற்றி அல்ல.

கடைசி_வரிசை:
நான் நடிகரைப் பற்றித்தான் பேசுகிறேன். இப்போதும் பேசுகிறேன். பிராஸ்ட் ஆஃப். யார்க்ஷயரில் கிரிம்லி என்று கற்பனை ஊர், கிரிம்தார்ப்பை வைத்து எழுதியது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் பித்தளை வாத்தியக் குழுவை நடத்துகிறவர் டேனி, அதுதான் பீட். நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. ஊரே வேலை போகிறதே என்று கலங்குகிறது, இந்த மனிதருக்கு ஆல்பர்ட் ஹாலில் நடக்கிற இறுதிப் போட்டிதான் முக்கியம். படம் முக்கால்வாசி அப்படித்தான் போகும், எரிச்சலாகக்கூட இருக்கும். கடைசியில் கோப்பையை ஜெயித்துவிட்டு மேடையிலேயே வேண்டாம் என்கிறார். இசைதான் முக்கியம் என்று நினைத்திருந்தேன், மனிதர்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்கிறார். கண்ணீர், உதட்டுத் துடிப்பு, ஒன்றும் கிடையாது. கணக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறார். சம்பவாம்பா இசைக்குழுவின் டப்தம்பிங் பாட்டை ஆல்பத்தில் கேட்டவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு குரல் வருவது தெரியும். அந்தக் குரல் இதுதான். உலகம் முழுக்க அந்தப் பாட்டு ஓடியது. இதையும் ஸ்பீல்பெர்க்தான் போட்டாரா?

லிவர்பூல்_சிவப்பு:
அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது.

நடுநிலைவாதி:
ஒரு சந்தேகம். படத்தில் அரசியல் பேசினால் கைதட்டுகிறீர்கள். நிஜத்தில் அவர் 2004இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச பட்டம் வாங்கிக்கொண்டு, 2009இல் கிங்ஸ்நார்த்தில் நிலக்கரி அனல்மின் நிலையத்தைக் கட்டினால் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்று மிரட்டினார். நிலக்கரிச் சுரங்கத்தை மூடாதே என்று நடித்த மனிதர் நிலக்கரி வேண்டாம் என்கிறார். முரண்பாடு இல்லையா? தகவலுக்காகக் கேட்கிறேன்.

தேநீர்_வேளை:
ஒன்று கதாபாத்திரம், இன்னொன்று மனிதர். டேனி நினைப்பதையே பீட்டும் நினைக்க வேண்டுமா? தவிர அவர் அதைச் சொன்னது தி ஏஜ் ஆஃப் ஸ்டூபிட் படம் வந்த சமயம். எல்லாம் அழிந்துபோன 2055இல் தனியாக உட்கார்ந்து பழைய காட்சிகளைப் பார்க்கிற காப்பாளராக நடித்திருந்தார். நம்பியதைத்தான் நடித்தார், அதையேதான் மேடையிலும் சொன்னார். அந்த மின் நிலையத் திட்டம் பின்னால் கைவிடப்பட்டது.

நடுநிலைவாதி:
இவர் மிரட்டியதாலா?

தேநீர்_வேளை:
நான் அப்படிச் சொல்லவில்லை.

நடுநிலைவாதி:
சொல்லவில்லை, ஆனால் அந்த வரியைக் கடைசியில் வைத்தீர்கள்.

தேநீர்_வேளை:
இவரோடு பேசுவதற்குப் பதில் துவைத்த துணியை மடிக்கலாம். போகிறேன்.

புரொஜெக்டர்_பாபு:
கடைசி_வரிசையின் கட்டுரைகளைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதுகிறார், பள்ளியில் தமிழய்யா சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் பிராஸ்ட் ஆஃபை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? டைனோசர் படத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? நான் அந்த முகத்தை முதலில் பார்த்தது ரோலண்ட் டெம்போவாகத்தான். மொட்டைத் தலை, அந்தக் கன்னம், யானைத் துப்பாக்கி. தியேட்டரில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் டைனோசரைப் பார்த்தார்கள், நான் இந்த மனிதரைப் பார்த்தேன். அப்புறம்தான் தேடித் தேடி மற்ற படங்கள். ஆக எனக்குக் காட்டியவர் ஸ்பீல்பெர்க்தான்.

கடைசி_வரிசை:
“எனக்கு” என்று எழுதியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. நீங்கள் எழுதியது “உலகத்துக்கு”. பாபுவும் உலகமும் ஒன்று என்று எப்போதிலிருந்து?

புரொஜெக்டர்_பாபு:
சொன்னாரா இல்லையா?

கடைசி_வரிசை:
கடவுளே.

சரி, இன்னொன்று. இவருக்குப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி அறிவுரை வந்ததாம். போஸ்ட்லெத்வெயிட் என்று தியேட்டர் வாசலில் விளக்குப் போட்டு எழுதினால் மின்கட்டணம் கட்டாது என்று அதை வைத்து அவரே ஜோக் அடித்திருக்கிறார். மாற்றவில்லை. விளக்கும் ஒருநாளும் பெரிதாக எரியவில்லை. 2010 ஒரே வருடத்தில் கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ், இன்செப்ஷன், தி டவுன். உடம்பு முடியாமல் இருந்த நேரம். இன்செப்ஷனில் படுக்கையில் கிடக்கிற அப்பா, சில நிமிடம்தான். ஆனால் கிலியன் மர்ஃபி அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்வதற்காகத்தான் அந்தப் படம் முழுக்கக் கனவுக்குள் கனவு தோண்டுகிறார்கள். தி டவுனில் பூக்கடைக்காரர். ரோஜாத் தண்டை நறுக்கிக்கொண்டே பென் அஃப்லெக்கை மிரட்டுவார், நறுக்குகிற வேகம்கூட மாறாது. 2011 ஜனவரி 2 இறந்தார். அந்தப் பூக்கடைக்காரருக்கு பாஃப்டா பரிந்துரை வந்தது அதற்கப்புறம்தான். திரைப்படத்துக்கு பாஃப்டா இவரைக் கண்டுகொண்டது செத்த பிறகு! ஸ்பீல்பெர்க்கைத் திட்டுவதை நிறுத்திவிட்டு பாஃப்டாவைத் திட்ட ஒரு இழை போடலாம் என்றிருக்கிறேன்.

புரொஜெக்டர்_பாபு:
பார்த்தீர்களா, உயிரோடு இருந்தவரை சொந்த ஊர்க்காரர்கள் படத்துக்குப் பரிந்துரைக்கவே இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் முதலிலேயே சொன்னார்.

லிவர்பூல்_சிவப்பு:
பாபு அண்ணன் சொல்வதில் ஒரு பாயிண்ட் இருக்கு.

கடைசி_வரிசை:
நீங்கள் எந்தப் பக்கம் சிவப்பு? தொண்டை அடைத்தது என்று இப்போதுதானே எழுதினீர்கள்?

லிவர்பூல்_சிவப்பு:
தொண்டை அடைத்தால் பாயிண்ட் தெரியாதா? உங்களுக்கு ஒத்து ஊதாதவர்கள் எல்லோரும் எதிரியா? இதனால்தான் உங்கள் இழைகளுக்கு ஆட்கள் வருவதில்லை.

சும்மா_ஒருத்தன்:
தி டவுன்ல அவர் கடைசியில என்ன ஆவார்னா...

மழைக்கால_மாலதி:
ஐயா!!!

மட்டுறுத்துநர்:
சும்மா_ஒருத்தன், இது இரண்டாவது எச்சரிக்கை.

சும்மா_ஒருத்தன்:
நான் இன்னும் சொல்லவே இல்லையே. புள்ளி மூணு வச்சதுக்கு எச்சரிக்கையா? நடுநிலைவாதி ஒரிஜினல் கதையையே போட்டு உடைச்சார், ஜூசெப்பே சாகிறதை கடைசி_வரிசை விலாவாரியா எழுதினார், அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

நடுநிலைவாதி:
என்னுடையது வரலாறு. ஜூசெப்பே கான்லன் 1980இல் சிறைக் கைதியாகவே இறந்தார். வரலாற்றுக்கு எச்சரிக்கை போட முடியாது.

கடைசி_வரிசை:
என்னுடையதும் வரலாறுதான். திரை வரலாறு. இன்று ராத்திரி ஷார்ப் தொடரில் ஹேக்ஸ்வில் வருகிற காட்சிகளைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், பாபு சாரும் வந்து நாலு சீனா இல்லையா என்று எண்ணிச் சொல்லட்டும்.

புரொஜெக்டர்_பாபு:
எண்ணுகிறேன். நீங்கள் அதற்குள் ஸ்பீல்பெர்க் வேறு எந்த நடிகரை அப்படிச் சொன்னார் என்று ஒரே ஒரு பெயர் கண்டுபிடித்து வையுங்கள்.

நடுநிலைவாதி:
ராத்திரி எழுதும்போது அப்படியே ரோபோவின் ரத்தம் ஏன் வெள்ளை என்பதற்கும் பதில் போட்டுவிடவும். ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன்.